கேட்டால் மட்டும் வாசிக்கவும்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு வணக்கத்தில் பிறந்தது.

நான் குடியிருக்கும் ஊர் டோக்கியோவிலிருந்து ரயிலில் ஐம்பது நிமிடம். எங்கள் ஸ்டேஷன் வாசலில் வாரத்துக்கு இரண்டு நாள், காலை ஏழு மணிக்கு ஒரு எம்.பி. நிற்பார். மார்புக்குக் குறுக்கே பெயர் எழுதிய பட்டை. படியேறும் ஒவ்வொருவருக்கும் இடுப்பு வளையக் குனிந்து, "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க" என்பார். பதினோரு வருடம் எனக்கும் குனிந்தார். எனக்கு இந்த நாட்டில் ஓட்டுக் கிடையாது. என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அது யாருக்கும் தெரியும். ஒருநாள் கொட்டுகிற மழையில் அவரும் நானும் மட்டும் இருந்தோம். பார்ப்பதற்கு வேறு ஆளில்லை. அப்போதும் குனிந்தார்.

ஓட்டில்லாதவனுக்கு இப்படிக் குனிகிறவர் ரொம்ப நல்லவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் குனிவதை நிறுத்தத் தெரியாதவராக இருக்க வேண்டும். இரண்டில் எது என்று பதினோரு வருடமாகத் தீர்மானிக்க முடியாத எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

(அந்த நிஜ எம்.பி. வக்கீல் அல்ல. அவர் குடும்பத்துக்கு சோயா சாஸ் வியாபாரம். அமைச்சரும் ஆகவில்லை, போன தேர்தலில் தோற்றுப்போனார். அவருடைய இடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.)

2

தொடக்கங்கள்.

அ) "தொகிதா மசநோரி பிறந்த அன்று மலையில் அந்த ஆண்டின் முதல் பனி —"

வேண்டாம். ஜப்பான் என்றதும் பனியைக் கொட்டுவதற்கு வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருடத்தில் பனியை நான் அழகாகப் பார்த்ததைவிட மண்வெட்டியால் வாரிப் போட்டதுதான் அதிகம்.

இந்த இடத்தில் சென்னையிலிருந்து பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார்.

"சார், ஜப்பான் கதைன்னா செர்ரிப்பூ எங்கயாச்சும் வருமா? படம் போடறவர் கேக்குறார்."

"இது சட்ட அமைச்சரப் பத்தின கதைங்க."

"அதனால என்ன, அமைச்சர் பூவைப் பாக்கட்டுமே."

பார்க்கமாட்டார். கதை டிசம்பரில் நடக்கிறது.

ஆ) "நீதி என்றால் என்ன என்ற கேள்வி மனிதகுலத்தை —"

இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

இ) "சட்ட அமைச்சர் தொகிதா மசநோரி வெளியிடத்தில் கண்ணாடி போடமாட்டார்."

இது இருக்கட்டும். அறுபத்தொரு வயதிலும் சுவரொட்டியில் நாற்பது வயது முகத்தோடு சிரிப்பவருக்கு மூக்குக்கண்ணாடி ஒரு கட்சித் தாவல். இந்தக் கண்ணாடியை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஆறாம் பகுதியில் எனக்கு வேண்டும்.

3

முப்பத்திரண்டாம் வயதில் தொகிதா ஒரு சின்ன ஊரில் வக்கீல். அங்கே குசுமி ஹருவோ என்றொரு நூடுல்ஸ் கடைக்காரர், கடை வீட்டின் சொந்தக்காரரைக் குத்திக் கொன்றதாகக் கைதானார். இருபது நாள் விசாரணையில் "ஆமாம்" என்றார். கோர்ட்டுக்கு வந்ததும் "இல்லை" என்றார். முதலில் சொன்னதைத்தான் கோர்ட் நம்பியது.

வழக்கின் நடுவே ஒரு கத்தி கிடந்தது. இந்த ஊர்ச் சமையல் கத்திக்கு ஒரு பக்கம்தான் தீட்டியிருக்கும். வலது கைக்காரர் கத்தி வேறு, இடது கைக்காரர் கத்தி வேறு. மாற்றிப் பிடித்தால் வெட்டு கோணும். குசுமி இடது கைக்காரர். பிணத்தின் பக்கத்தில் கிடந்தது வலது கைக் கத்தி.

சிறையில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குசுமி உட்கார்ந்திருப்பார்.

"வக்கீலய்யா*, அந்தக் கத்திய வெச்சு நான் முள்ளங்கியக்கூட நேரா நறுக்கினதில்ல. எங்க வாடிக்கைக்காரங்களக் கேளுங்க."

"கோர்ட்ல முள்ளங்கியெல்லாம் எடுபடாது, குசுமி."

"ஏன், ஜட்ஜய்யா சாப்பிடமாட்டாரா?"

ஆத்திரத்தில் இருப்பவன் எந்தக் கைக் கத்தி என்று பார்ப்பதில்லை என்று தீர்ப்பில் எழுதினார்கள். தூக்கு. மேல்கோர்ட்டிலும் அதுவே. அரசுத் தரப்பில் வாதாடிய நிஷிவாகி என்ற இளைஞர், தீர்ப்பு வந்த அன்று தொகிதாவிடம் வந்து முறையாகக் குனிந்து, "கடுமையா உழைச்சீங்க" என்றார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

தொகிதா பதினோரு வருடம் மாதம் தவறாமல் சிறைக்குப் போனார். நேரம் முடிந்து காவலர் எழுந்ததும் குசுமி ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"ஐயா, நீங்க நம்புறீங்கல்ல?"

"நம்புறது என் வேலை இல்ல. வாதாடறதுதான் வேலை."

"அதுவும் சரிதான். சும்மா கேட்டேன்."

(இந்த இடத்தில் "ஆனால் தொகிதா உள்ளூர நம்பினார்" என்று ஒரு வரி எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்தேன். எழுதுவது எனக்குச் சுலபம். ஆனால் ஒரு "ஆமாம்" சொல்லியிருந்தால் போதுமே. காசா பணமா? நூற்றுமுப்பது தடவை கேட்ட மனிதருக்கு ஒரு தடவைகூடச் சொல்லாதவரை நான் எப்படி நல்லவர் என்று எழுதுவது? எனக்கு இவர்மேல் கோபம் வருகிறது. கதாசிரியனுக்குத் தன் பாத்திரத்தின் மேல் கோபம் வரக் கூடாதாம். வருகிறதே.)

* இங்கே வக்கீல், டாக்டர், வாத்தியார், எம்.பி. எல்லாருக்கும் ஒரே மரியாதை விளிதான். நான் 'ஐயா' போட்டிருக்கிறேன். இதில் தொகிதாவுக்கு ஒரு வசதி. வேலை மாறியது குசுமியின் வாயில் தெரியவே இல்லை.

4

"சட்டத்தையே மாத்தணும், குசுமி. தூக்குங்கற தண்டனையே இருக்கக் கூடாது. அதுக்கு நாடாளுமன்றத்துக்குப் போகணும்."

"போங்கய்யா. அங்க போனதும் என்னை மறந்துடுவீங்க."

"மாட்டேன்."

"சும்மா சொன்னேன்."

நாற்பத்து மூன்றாம் வயதில் தொகிதா தேர்தலில் நின்றார். ஸ்டேஷன் வாசலில் தூக்குத் தண்டனை ஒழிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நான்கு பேர் துண்டறிக்கை வாங்கினார்கள். அதில் இருவர் மழைக்குத் தலையில் பிடித்துக்கொண்டார்கள். கட்சி அனுப்பிவைத்த செயலாளர் ஹமுரா, இருபது தேர்தல் பார்த்தவர், அவரைத் தனியாக அழைத்துப் போனார்.

"ஐயா, இந்த ஊர்ல ரயில்வே கேட் ஒண்ணு இருக்கு, கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். மூடியே கிடக்கு."

"காலையில அரை மணி நேரம் மூடியே கிடக்கும். அதப் பேசுங்க. நீங்க பேசுற விஷயத்துல செத்துப்போறவனுக்கு ஓட்டில்ல. கேட்ல நிக்கிறவன் எல்லாருக்கும் ஓட்டிருக்கு."

தொகிதா கேட்டைப் பற்றிப் பேசி ஜெயித்தார். ஐந்து தேர்தல் அதையே பேசி ஜெயித்தார். கேட் இன்றைக்கும் மூடியே கிடக்கிறது. திறந்துவிட்டால் ஆறாம் தேர்தலில் எதைப் பேசுவது? தூக்குத் தண்டனை முதல் துண்டறிக்கையில் ஒரு பக்கம் இருந்தது, அடுத்ததில் ஐந்து வரி, அதற்கடுத்ததில் "மனிதநேயம்" என்ற ஒரு சொல். ஐந்தாவதில் படத்தைப் பெரிதாகப் போட்டபோது அந்தச் சொல் அவருடைய கழுத்துப்பட்டைக்கு அடியில் போய்விட்டது.

குசுமியிடமிருந்து ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அட்டை வரும். "ஐயா ஜெயித்ததை ரேடியோவில் கேட்டேன். கேட் திறந்துவிட்டதா? இங்கே ஒன்றும் திறக்கவில்லை. நலம். சும்மா எழுதினேன்." பதில் அட்டை எழுதியது தொகிதாவின் மனைவி கசுயோ. தொகுதியில் சாவு வீடு, கல்யாண வீடு, கடைத் திறப்பு எல்லாவற்றுக்கும் கணவனுக்குப் பதிலாகப் போய்க் குனிந்த அம்மாள், இதையும் அவளே செய்தாள். கையெழுத்து மாறியதைக் குசுமி ஒரு தடவையும் கேட்கவில்லை.

5

அறுபத்தொரு வயதில் பிரதமர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பதவியேற்புக்கு வாலுள்ள கறுப்புக் கோட்டு வாடகைக்கு வந்தது. கசுயோ வாசலில் அவரை நிறுத்தினாள்.

"நில்லுங்க. முதுகுல வாடகைக் கடைச் சீட்டு தொங்குது."

"நல்லவேளை சொன்ன."

"கேட்டிருந்தா முன்னாடியே சொல்லியிருப்பேன். என்னங்க, அந்தக் குசுமிக்கு நீங்க அமைச்சரானது தெரிஞ்சா சந்தோஷப்படுவாரா, பயப்படுவாரா?"

தொகிதா கார் வந்துவிட்டது என்றார். கார் வந்திருக்கவில்லை.

அமைச்சகத்தில் அவரை வரவேற்றவர் நிஷிவாகி. தலை முழுக்க நரைத்து, வழக்குகளையெல்லாம் விட்டு, துறையின் உயர்ந்த நாற்காலி ஒன்றில் இருந்தார். அங்கே உயர்ந்த நாற்காலிகள் எல்லாம் அரசு வக்கீல்களுக்குத்தான்.

"அமைச்சரய்யா, பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க."

"எந்தப் பழசு?"

"ரொம்ப நல்லதுய்யா."

அன்றிலிருந்து நிஷிவாகியின் ஆட்கள் எழுதிக் கொடுப்பதைத் தொகிதா சபையில் வாசித்தார். ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, எல்லா அமைச்சரும் அப்படித்தான். உறுப்பினர்கள் கேள்வியை முதல்நாளே கொடுத்துவிடுவார்கள். விடியற்காலை ஆறரைக்குப் பாடம். ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் ஒரு துணைத்தாள் இருக்கும். உறுப்பினர் குறுக்கே ஏதாவது கேட்டுத் தொலைத்தால் என்ன சொல்வது என்று அதில் எழுதியிருக்கும். அதன் தலையில் சிவப்பு அடைப்புக்குறிக்குள்: (கேட்டால் மட்டும்).

அமைச்சர் கண்ணாடி போடமாட்டார் என்பதால் எழுத்து வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. பக்கத்துக்கு நான்கே வரி. நான்கு நிமிடப் பதிலுக்கு ஒரு கட்டுத் தாள்.

"இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க."

"இதுக்கு மேல போனா பக்கத்துக்கு ஒரு வார்த்தைதான் நிக்கும், ஐயா."

"நின்னா என்ன? நிதானமா பேசுறேன்னு பேர் வரும்."

வந்தது. ஒரு பத்திரிகை அவரை 'நிதானத்தின் மனிதர்' என்று எழுதியது.

டிசம்பர் முதல் வாரத்தில் நிஷிவாகி ஒரு கோப்பை மேசையில் வைத்தார். உள்ளே தூக்கு உத்தரவு, அதில் ஒரே ஒரு பெயர். இந்த நாட்டில் சட்ட அமைச்சர் கையெழுத்துப் போடாமல் யாரையும் தூக்கில் போட முடியாது.

"இவருக்கு நான் வக்கீலா இருந்தேன், நிஷிவாகி."

"தெரியும்யா. எதிர்ல நான்தான இருந்தேன்."

"அப்ப இதுல நான் கையெழுத்துப் போடறது முறையா?"

"முறையில்லன்னு சட்டத்துல எங்கயும் எழுதல. நல்லாத் தேடிப் பாத்துட்டோம். அதுவுமில்லாம, வக்கீலா இருந்தவரே கையெழுத்துப் போட்டா ஜனங்களுக்கு ஒரு நிம்மதி. இனி ஒரு சந்தேகமும் வராது பாருங்க."

"என்னிக்குள்ள?"

"வர்ற வெள்ளிக்கிழமை. கையெழுத்தாகி அஞ்சு நாளுக்குள்ள முடிஞ்சுடும். அவருக்கு அன்னிக்குக் காலையில சொல்லுவாங்க. முன்னாடியே சொன்னா மனசு சங்கடப்படுமில்ல."

எவ்வளவு கரிசனம் பாருங்கள்.

6

செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டம். எதிர்க்கட்சியின் சகுமா ரெய்கோ என்ற உறுப்பினர், சிறைகளில் குளிர்காலத்துக்குக் கணப்பு வசதி செய்திருக்கிறீர்களா என்று கேட்கப்போகிறார். காலைப் பாடத்தில் தொகிதா துணைத்தாளைப் பார்த்தார்.

"இது என்ன? 'அவர் நிரபராதி என்று நான் நம்பினேன்'னு போட்டிருக்கு? நான் நம்பினேன்னு யார் சொன்னது?"

"அந்தம்மா வாய் சும்மா இருக்காதுய்யா. கணப்புல ஆரம்பிச்சு அந்த வழக்குக்கு வந்துட்டா? வக்கீல்னா நம்பினதாத்தான சொல்லணும். நம்பாமலே பதினோரு வருஷம் வாதாடினேன்னு சொன்னா அசிங்கமா இருக்குமே." நிஷிவாகி கொஞ்சம் நிறுத்தினார். "ஏன், நம்பலையா நீங்க?"

தொகிதா துணைத்தாளைக் கட்டுக்குள் திரும்பச் செருகினார்.

"அப்ப இருக்கட்டும்யா. யாரும் கேக்கப்போறதில்ல."

கேட்கவில்லை. சகுமா கணப்பைப் பற்றி மட்டும் கேட்டார். தொகிதா எழுந்து, அறைகளுக்கு நேரடிக் கணப்பு இல்லை, ஆனால் நடைவழியின் சூடு அறைக்குள் வருவதை எதிர்பார்க்கலாம் என்று ஏழு பக்கத்தில் வாசித்தார். வாசித்து முடித்தபின் உட்கார வேண்டும். உட்காரவில்லை. கோட்டின் உள்பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்தார். போட்டுக்கொண்டார். அடுத்த தாளைப் புரட்டினார்.

"கேட்டால் மட்டும்," என்று வாசித்தார்.

சபையில் சிரிப்பு. பின்வரிசையில் நிஷிவாகி பாதி எழுந்தார்.

"அந்த வழக்கில் நான் வாதாடியபோது, குசுமி ஹருவோ நிரபராதி என்று நான் நம்பினேன்."

அந்தப் பக்கத்துக்கு நான்கு வரிதான். "ஆனாலும், நீதிமன்றத்தின் முடிவை மதிப்பது அமைச்சராக என் கடமை" என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. தொகிதா பக்கத்தைப் புரட்டவில்லை. கட்டைவிரல் தாளின் ஓரத்தில் இருந்தது. தலைவர் மணியைப் பார்த்து, "சகுமா உறுப்பினரின் நேரம் முடிந்தது" என்றார். தொகிதா கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

(தவறுதலாகவா, வேண்டுமென்றேவா? மூன்று வரைவில் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். கண்ணாடி போட்டவருக்குச் சிவப்பு எழுத்து தெரியாதா? தெரியுமென்றால் "கேட்டால் மட்டும்" என்பதையும் ஏன் சேர்த்து வாசித்தார்? தெரிந்தே செய்துவிட்டு, தவறென்று சொல்ல ஒரு கதவையும் திறந்து வைத்துக்கொண்டார் என்பது என் ஊகம். அரசியல்வாதியின் துணிச்சல் அவ்வளவுதான் போகும். ஆனாலும் அவ்வளவு தூரம் போயிற்றே என்று அந்த நான்கு வரியை எழுதிய அன்று அவர்மேல் எனக்கிருந்த கோபம் பாதி போய்விட்டது. மறைப்பானேன்.)

7

மறுநாள் செய்திகளில் தொகிதா நிறைந்திருந்தார். "அமைச்சருக்குக் கண் மங்குகிறதா?" என்று கேட்டது ஒன்று. "குறிப்பையும் சேர்த்து வாசித்தார்!" என்று சிரித்தது இன்னொன்று. தொலைக்காட்சியில் ஒரு கண் மருத்துவர் வந்து வெள்ளெழுத்தைப் பற்றி விளக்கினார். அந்தக் கண்ணாடிச் சட்டம் எங்கே கிடைக்கும் என்று ஜனங்கள் விசாரித்தார்கள். அமைச்சகம், தாள் மாறிவிட்டதாக ஒரு திருத்த அறிக்கை விட்டது. குசுமி ஹருவோ யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"ஆளுங்களுக்குக் கணப்பு கேட்டா, அமைச்சர் ஜோக்கடிக்கிறார்" என்றார் சகுமா. அந்தம்மாவிடம் எனக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. ஒரே ஒரு குறுக்குக் கேள்வி அம்மா, ஒன்றே ஒன்று.

கோப்பு மேசையிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. கசுயோ சாப்பாட்டு மேசையில் புத்தாண்டு அட்டைகளைப் பரப்பிவைத்து விலாசம் எழுதிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்தாம் தேதிக்குள் தபாலில் போட்டால்தான் முதல் தேதி போய்ச் சேரும். தொகுதிக்கே எண்ணூறு அட்டை. தொகிதா நின்றபடியே சூப்பைக் குடித்தார்.

"உக்காந்து குடிங்களேன்."

"நேரமாச்சு."

"என்னங்க." அவள் தலை நிமிரவில்லை. கையில் எழுதாத அட்டை ஒன்று இருந்தது. "உங்க ஆபீஸ் விஷயம் ஒண்ணும் நான் கேக்கல. பதினெட்டு வருஷமா கேட்டதில்ல. குசுமிக்கு இந்த வருஷம் அட்டை எழுதட்டுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க."

கிண்ணம் அவர் வாயருகே நின்றது.

8

முடிவுகள்.

ஒன்று. "வேண்டாம்" என்றார். மாலையில் கையெழுத்துப் போட்டார். கனத்த மனத்தோடு என்று பெரிய எழுத்தில் வாசித்தார். அடுத்த தேர்தலில் கேட்டைப் பற்றிப் பேசி, முன்னைவிட அதிக ஓட்டில் ஜெயித்தார். இது நடக்கக்கூடியது. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு. "எழுது" என்றார். கையெழுத்துப் போடவில்லை. உடல்நலம், குறிப்பாகக் கண்நலம் கருதி அவரைப் பிரதமர் மாற்றினார். புதிய அமைச்சர் ஒரு பல் டாக்டர். பதவியேற்ற இரண்டாம் நாள், மேசையில் என்னவோ கிடக்கிறதே என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார். கசுயோவின் அட்டை, பெறுபவர் இல்லை என்று ஜனவரி நான்காம் தேதி திரும்பி வந்தது. இதை எழுதிவிட்டு நான் இரண்டு நாள் மேசைப் பக்கம் போகவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு விஷயம் நடந்தது. போன திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் ஸ்டேஷன் வாசலில் தொகிதா மசநோரி நின்றிருந்தார். ஆமாம், நான் உண்டாக்கிய தொகிதாதான். பட்டை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. மூக்கில் கண்ணாடி. படியில் வேறு யாருமில்லை. எனக்குக் குனிந்தார். முன்னைவிட ஆழமாகக் குனிந்து, நிமிரத் தாமதித்தார். கேட்பதற்கு நேரம் கொடுக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. 'வெள்ளிக்கிழமை என்ன செய்தீர்கள்' என்று மூன்றே சொல்தான். ஓட்டில்லாத வெளியூர்க்காரன், நமக்கேன் வம்பு என்று பதிலுக்குக் குனிந்துவிட்டு ரயிலைப் பிடித்தேன். உட்கார இடம்கூடக் கிடைத்தது. அன்று முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முடிவும் இருக்கிறது. எழுதி முடித்துவிட்டேன், என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பெரிய எழுத்து, பக்கத்துக்கு நான்கு வரி. சமையலறையில் அந்தக் கிண்ணம் இன்னும் வாயருகேதான் நிற்கிறது. கசுயோ பேனாவின் மூடியைத் திறந்து வைத்திருக்கிறாள். சிறையில் குசுமி, காலைச் சாப்பாட்டுத் தட்டோடு வருகிற காலடி ஒன்றா, பலவா என்று தினமும் எண்ணுவதுபோல இன்றும் எண்ணுகிறார்.

அந்தத் தாளின் தலையில் சிவப்பு அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு உண்டு. அதை நான் மீறப்போவதில்லை. தொகிதாவுக்கு இருந்த துணிச்சல்கூட எனக்கில்லை.

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். பனி வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள், பூ வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். குசுமியைப் பற்றி இன்னும் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை.